பறவை நிஜம், மரம் பொய்

போன மாதம் தேனிக் காட்டு இலாகா அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். மலைச் சாலைகளில் நான் வரைந்து வைத்த பறவைப் பலகைகள் துருப்பிடித்துவிட்டனவாம். புதிதாக அச்சடித்து மாட்டப் போகிறார்களாம். அதற்கு முன் அந்தப் படங்களை நான் எப்படி வரைந்தேன் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கூடவே புதுப் பலகைக்கான இருவாச்சிப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டரே வரைந்ததாம்.

பார்த்தேன். ஆண் இருவாச்சிக்குக் கண் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பெண்ணுக்குக் கண் வெள்ளை, சுற்றிச் சிவப்பு. இந்தப் படத்தில் ஒரே முகத்தில் ஆணும் பெண்ணும் பாதிப் பாதி. இமையில் நீளமான முடி இருக்க வேண்டும், இல்லை. காலைப் பார்த்தால் கோழிக்கால். கீழே "நல்லா இருக்கா மேடம்?" என்று கேட்டிருந்தார்.

"கோழி நல்லா இருக்கு, இருவாச்சி எங்க?" என்று பதில் போட்டேன்.

மூன்றாம் நாள் கூப்பிட்டு, கோவிச்சுக்காம எழுதிக் குடுங்க மேடம் என்றார். கோபம் எனக்கு வரும். வேலையில் இருந்தபோதும் வந்தது, இப்போதும் வருகிறது. ஆனாலும் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது.

முதலில் ஒன்று. நான் ஓவியர் இல்லை. வரைவாளர். கம்பத்தில் பள்ளிப் படிப்பு, அதன்பின் தொழிற்பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம், அதன்பின் காட்டு இலாகாவில் வரைவாளர் வேலை. என் வேலை வரைபடம் போடுவது. எல்லைக்கல் எங்கே, ஓடை எங்கே, தோட்டம் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது, இதுதான். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் தரையில் பல ஏக்கர் தள்ளிப் போகும். அப்புறம் தோட்டக்காரனுக்கும் இலாகாவுக்கும் கோர்ட்டில் சண்டை நடக்கும். அதனால் உள்ளதை உள்ளபடி போடுவது கையோடு ஒட்டிப்போன பழக்கம். இந்தப் பழக்கம்தான் பின்னால் ஒரு மனிதனின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எனக்கு மேலே தலைமை வரைவாளராக இருந்தவர் சாமுவேல் சார். போடியில் ஜவுளிக்கடைக் குடும்பம். கடையில் உட்காராமல் அரசு வேலைக்கு வந்தவர். ஒருநாளும் யாரையும் பாராட்ட மாட்டார். நாம் போட்ட தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். கவராயத்தைக் கையில் எடுத்து அங்கங்கே அளப்பார். பிறகு ஒரு கோட்டைத் தொட்டு, "இது எங்க இருந்து எடுத்த?" என்று கேட்பார். பதில் இருந்தால் "ம்." பதில் இல்லையென்றால் ரப்பரை எடுத்து நம் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

மலைச் சாலைகளில் பறவைப் பலகை வைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. அழிந்துபோன பறவை, அழிந்துகொண்டிருக்கிற பறவை எல்லாவற்றுக்கும் தகரத்தில் எனாமல் பெயின்டால் படம். வெளியே ஆள் பிடிக்கப் பணம் ஒதுக்கவில்லை. "பேச்சியம்மாளுக்குக் கை நல்லா வரும்" என்று யாரோ சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் பறவை வரைந்ததே கிடையாது. சாமுவேல் சாரும்தான். ஆனால் அவர் அன்றைக்கே முறையைச் சொல்லிவிட்டார்.

"வரைபடத்துக்கு என்ன சட்டமோ அதேதான் இதுக்கும். பலகைக்குப் பின்னாடி பென்சில்ல எழுது. கண்ணு நிறம், யாரு பாத்தது. காலு நிறம், யாரு பாத்தது. ஆள் இல்லாத நிறத்தப் பூசாத. தெரியாதத மறைச்சுப் போடு."

அப்படித்தான் போட்டோம். கானமயிலை வரைந்தபோது அது எங்கள் பக்கத்தில் அழிந்துபோய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இறகுக்கும் கழுத்துக்கும் ஆதாரம் கிடைத்தது. காலைப் பார்த்த ஆள் ஒருவர்கூட இல்லை. அதனால் முழங்கால் உயரப் புல்லில் நிற்க வைத்தேன். படத்தைப் பார்த்த பெரிய அதிகாரி ஒருவர், "புல் ரொம்ப இயற்கையா இருக்கு" என்றார். சாமுவேல் சார் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் நான் சிரித்திருப்பேன்.

வெண்முதுகுப் பாறுக்கழுகுக்கு மட்டும் நாலு பலகை வீணாகின. அது இந்தப் பள்ளத்தாக்கில் கூட்டங்கூட்டமாக இருந்த பறவை. மாட்டுக்குப் போட்ட வலி மருந்து செத்த மாட்டின் வழியாக அதன் வயிற்றுக்குள் போய் அதையும் கொன்றது. முதுகில் வெள்ளை எவ்வளவு தெரியும் என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் படம் மாறியது. குச்சனூர்ப் பக்கம் தோல் வியாபாரம் பார்த்த ஒருவரைத் தேடிப் போனேன். ஆயுசு முழுக்கக் கழுகோடு போட்டி போட்டுத் தோல் உரித்தவர். என் படத்தைப் பார்த்து, "இது உக்காந்திருக்கா, எந்திரிக்குதா?" என்று கேட்டார். உட்கார்ந்திருக்கிறது என்றேன். "அப்ப எதுக்கு இம்புட்டு வெள்ளை? றெக்கைய மடக்குனா அது மறஞ்சிரும். கல்லெடுத்து எறிஞ்சா எந்திரிக்கும் பாருங்க, அப்பத்தான் பளிச்சுன்னு தெரியும்." எழும்புகிற கழுகாக மாற்றி வரைந்தேன். பின்னால் அவர் பேரை எழுதினேன். அந்தப் பலகையில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. இப்போதும் முடியாது.

இனி இருவாச்சி.

அதற்கு ஆதாரமாக ஒரு காட்சிச்சாலையில் பஞ்சடைத்து வைத்திருந்த பறவையைப் பார்த்து வரைந்தேன். இறகு இறகாக அளந்து போட்டேன். கழுத்து வெள்ளை, மூக்கு மங்கின வெள்ளை. கண்ணுக்கு அங்கே கண்ணாடிக் குண்டு வைத்திருந்தார்கள், அதை நம்பி வெள்ளையே போட்டேன். ஆண் பறவை வெளியே நின்று, மரப்பொந்துக்குள் அடைபட்டிருக்கிற பெண்ணுக்குப் பழம் ஊட்டுகிற மாதிரிப் படம். பெண் பறவை முட்டையிடும்போது பொந்துக்குள் போய், வாசலை எச்சத்தாலும் பழச்சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் அளவுக்குத்தான் இடைவெளி விடும். அதன் வழியாகத்தான் ஆண் பறவை பல வாரம் தீனி கொடுக்கும்.

பலகை அலுவலகச் சுவரில் சாய்த்து வைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. மேகமலையிலிருந்து ஏதோ காகிதம் கொடுக்க ஒரு வாட்சர் வந்திருந்தார். மூக்கையா என்று பெயர். மலையிலேயே வாழ்கிற பளியர் இனம். தற்காலிக வேலைதான், ஆனால் மலையில் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கிற பொறுப்பு அவரிடம்தான் இருந்தது. பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சுர்ரென்றது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லம்மா. செத்ததப் பாத்து வரஞ்சீகளோ?"

"எப்பிடித் தெரியும்?"

"உசுரோட இருந்தா கழுத்தும் மூக்கும் மஞ்சளா இருக்கும். வாலுக்கு மேல எண்ணெய் ஊறும்மா. அத மூக்குல தொட்டுத் தொட்டுத் தானே பூசிக்கிரும். செத்த பெறகு யாரு பூசிவிடுவா? அப்புறம் இந்தக் கண்ணு." மறுபடி சிரித்தார். "வெள்ளக் கண்ணு பொம்பளைக்கு. பொம்பள வெளிய நிக்கிதுன்னா, உள்ள அடஞ்சு கெடக்கிறது யாரு, அவ புருசனா?"

ரப்பருக்கு அழியாது எனாமல். முழுப் பலகையையும் சுரண்டினேன். அடுத்த விடுமுறை நாளில், அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல், சின்னமனூரிலிருந்து மேலே போகிற பஸ்ஸில் ஏறிப் போனேன். கூட்டுக்கு வெளியாட்களைக் கூட்டிப் போகக்கூடாது என்பது உத்தரவு. வரைவாளரும் வெளியாள்தான். மூக்கையா யோசித்தார். படம் தப்பாக ரோட்டில் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் சம்மதித்தார்.

எந்தச் சரிவு, எந்த ஓடை என்று எழுத மாட்டேன். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரியும்.

மறைவில் உட்கார்ந்து பார்த்தேன். ஆண் பறவை வந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்துக் கீறலுக்குள் கொடுத்தது. சிவப்புக் கண், மஞ்சள் கழுத்து, இமையில் முடி எல்லாம் கண்ணால் பார்த்தேன். பறவை போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. மரத்தை வரைந்துகொண்டிருந்தேன். இடி விழுந்து ஒடிந்த உச்சிக் கிளை, அதற்குப் பின்னால் வெள்ளைக் கறை வழிந்த பாறை, அதற்கு மேலே இரண்டு முகடு. நில அளவைக்கு எப்படிக் குறிப்பெடுப்போமோ அப்படியே.

"மரத்துக்கு எதுக்கும்மா இம்புட்டு நேரம்?" என்றார் மூக்கையா.

"எல்லாம் சரியா இருக்கணும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பலகை முடிந்தது. சாமுவேல் சார் கவராயத்தோடு வந்தார். மூக்கில் தொடங்கி வால் வரை அளந்தார். பின்னால் திருப்பினார். கண், கழுத்து, கூடு மூன்றுக்கும் நேரே "பார்த்தது நான், காட்டியவர் மூக்கையா" என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு "ம்" என்றார். கீழே சரிபார்த்ததற்குத் தன் கையெழுத்தைப் போட்டார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை. பலகையை மலைச் சாலைச் சோதனைச்சாவடியில் நட்டார்கள். பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் இறங்கிப் பார்த்தார்கள்.

அடுத்த கூடு கட்டும் காலத்தில் அந்தப் பொந்தைக் கோடாலியால் உடைத்துக் குஞ்சை எடுத்துப் போய்விட்டார்கள்.

செய்தி அலுவலகத்துக்கு வந்த விதம் இப்படி. கூடு உடைக்கப்பட்டது. அந்த மரம் வாட்சருக்கும் இரண்டு காவலர்களுக்கும் மட்டுமே தெரியும். காவலர்கள் இருவரும் அந்த வாரம் பயிற்சிக்குப் போயிருந்தார்கள். எனவே மூக்கையா. அவருடைய கத்தியையும் அடையாள அட்டையையும் பிடுங்கிக்கொண்டு ரேஞ்சர் அலுவலக வராந்தாவில் உட்கார வைத்து விசாரித்தார்கள். யாருக்குக் காட்டினாய், எங்கே விற்றாய் என்று கேட்டார்கள். நான் விற்கவில்லை, ஒரே ஒரு ஆளைக் கூட்டிப் போனேன், அவுக பேரைச் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாராம். இதைவிட வேறென்ன வேண்டும் ரேஞ்சருக்கு? வேலையை விட்டு நீக்கவும் வழக்குப் போடவும் காகிதம் தயாரானது. வழக்கு வந்தால் அந்த மனிதர் அதன்பின் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. காட்டைத் தவிர அவருக்கு வேறு பிழைப்பும் கிடையாது.

அந்த ஒரு ஆள் நான்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் யாரிடமும் இடத்தைச் சொல்லவில்லையே என்றுதான் முதலில் நினைத்தேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மூக்கையாவையே ஒரு நிமிடம் சந்தேகப்பட்டேன்.

கோப்புக்குச் சம்பவ இடத்தின் வரைபடம் வேண்டும் என்றார்கள். அது என் மேசைக்குத்தான் வந்தது. காவலர் எடுத்து வந்த அளவுகளை வைத்துப் போடத் தொடங்கினேன். சாவடி, ரோடு, இரண்டு முகடு, கறை வழிந்த பாறை, மரம். பாறையையும் முகடுகளுக்கு நடுப்புள்ளியையும் ஸ்கேல் வைத்துச் சேர்த்தேன். கோட்டை நீட்டினால் மரத்தில் போய் முட்டியது. இதே கோட்டை நான் ஏற்கெனவே ஒருமுறை போட்டிருக்கிறேன், தகரத்தில், எனாமலில். அந்தப் பாறை அந்த முகடுகளுக்கு நட்டநடுவில் தெரிகிற வரிசை ஒன்றுதான் உண்டு. சாவடியில் நின்றாலே முகடு தெரியும். பலகையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, பாறை நடுவில் வருகிற வரைக்கும் நடந்து, அந்த வரிசையிலேயே மேலே ஏறினால் ஒடிந்த உச்சிக் கிளை கண்ணில் படும். பூட்டையும் சாவியையும் சேர்த்து நானே ரோட்டில் நட்டு வைத்திருக்கிறேன்.

சாமுவேல் சார் வந்து தாளை எடுத்தார். பாதி வரைபடம்தான் இருந்தது. மரத்தைத் தொட்டு, "இது எங்க இருந்து எடுத்த?" என்றார்.

"என் பலகையில இருந்து சார்."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அப்ப அந்த மூக்கையாவுக்கு என்ன பதில்?" என்றார்.

நேராக ரேஞ்சரிடம் போனேன். அந்த ஆள் நான்தான், என் படத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு வாட்சரைக் காப்பாற்ற இப்படி ஒரு கதையா, படத்தைப் பார்த்து யாராவது காட்டில் மரம் கண்டுபிடிப்பானா என்று கேட்டார்.

"நீங்க படம் வரஞ்சமா, வீட்டுக்குப் போனமான்னு இருங்க பேச்சியம்மா. காட்டு விவகாரம் உங்களுக்குப் புரியாது."

"வரைபடம் உங்களுக்குப் புரியாது சார்" என்றேன். "திண்டுக்கல்ல இருந்து புதுசா மாத்தலாகி வந்திருக்காரே ஜீப் டிரைவர், அவரு இந்த மலைக்கே வந்ததில்ல. அவர்கிட்டப் பலகைய மட்டும் காட்டுவோம். அவரா மரத்தக் கண்டுபிடிக்கட்டும். முடியலன்னா என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க."

மறுநாள் காலையில் ரேஞ்சர், சாமுவேல் சார், நான், டிரைவர் நாலு பேரும் சாவடிக்குப் போனோம். டிரைவரிடம் இந்த மரத்தைக் கண்டுபிடி என்று மட்டும் சொன்னார் ரேஞ்சர். டிரைவர் பலகையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். "ரெண்டு திமிலுக்கு நடுவுல அந்தப் பாறை வரணும், அம்புட்டுத்தான?" என்றார். ரோட்டோடு கொஞ்ச தூரம் நடந்து சட்டென்று நின்று ஏலக்காய்த் தோட்டத்துக்குள் நுழைந்தார். நாங்கள் வாயைத் திறக்காமல் பின்னால் போனோம். நடுவில் ஒருமுறை மட்டும் வழி தவறினார். காலைச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அந்த மரத்தடியில் நின்றுகொண்டு, "இதுதான் ஐயா, உச்சி ஒடிஞ்சிருக்கு பாருங்க" என்றார். கீழே பொந்து வாசலின் பூச்சுத் துண்டும் கோடாலிச் செதிலும் கிடந்தன.

ரேஞ்சர் குனிந்து ஒரு செதிலை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் யாரு மேல எழுதுறது?" என்றார்.

"என் மேல எழுதுங்க."

வாக்குமூலத்தை நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாமுவேல் சார் தாளை வாங்கினார். என் கையெழுத்துக்குக் கீழே, யாரும் கேட்காமலே, "பலகையைச் சரிபார்த்தது நான்" என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டார். ஓய்வு பெற அவருக்குச் சில மாதமே இருந்தது. இருவருக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. எனக்குப் பதவி உயர்வு தள்ளிப் போனது. போகட்டும். கூட்டை உடைத்தவன் கடைசிவரை அகப்படவில்லை. என்னை இன்றைக்கும் குத்துவது அதுதான். பதவி உயர்வு இல்லை.

மூக்கையாவின் கத்தியும் அட்டையும் திரும்பி வந்தன. ரேஞ்சர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, வேலைக்கு வா என்று சொல்லியனுப்பினார். நான் மலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். அவர்தான் பேசினார்.

"பறவையக் காட்டச் சொன்னா எப்ப வேணாலும் காட்டுறேன். மரத்தக் காட்ட மாட்டேன். கோவிச்சுக்கக் கூடாது."

கோவிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அன்றிலிருந்து என் முறையை மாற்றினேன். பறவையில் ஒரு மயிரிழை பிசகாது. மரம் முழுப் பொய். ஒரு மரத்தின் பட்டை, இன்னொரு மரத்தின் இலை, போடிப் பக்கத்து முகடு, லோயர் கேம்ப் ஊர்ப் பாறை. சாவடிப் பலகையையும் இறக்கிப் பின்புலத்தை அழித்து வேறு வரைந்தேன். மரம் தெரிந்த ஒரு பேராசிரியர் ஒருமுறை வந்து, இப்படி ஒரு மரம் உலகத்திலேயே இல்லையே என்றார். அதற்காகத்தான் வரைந்தேன் என்றேன். இப்போது வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதையேதான் சொல்கிறேன். உங்கள் போன் நான் வரைந்ததைவிட மோசம். படத்தோடு இடத்தையும் சேர்த்து எழுதி வைக்கிறது. கூட்டைப் படம் பிடித்துப் பெருமைக்காக ஊருக்கே அனுப்புகிறீர்கள். அந்தப் பெருமை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது முடிகிற இடத்தையும் பார்த்திருக்கிறேன். கண்ணை, காலை, கழுத்தைச் சரியாகப் போடுங்கள். இடத்தைத் திருடனுக்குக் கொடுக்காதீர்கள்.

ஓய்வு பெறும் முன்பு கடைசியாக ஒரு பலகையைப் பார்வையிட மேலே போனேன். மூக்கையா அப்போது நிரந்தரக் காவலராகியிருந்தார், மீசை நரைத்திருந்தது. தோட்டத்து ரோட்டில் இருவரும் நடந்தோம். குடும்பம், பிள்ளை படிப்பு, காட்டுப்பன்றித் தொல்லை எல்லாம் பேசினோம். கடைசியில் அடக்க முடியாமல், இந்த வருடம் இருவாச்சி எங்கேயாவது கூடு வைத்திருக்கிறதா என்று கேட்டுவிட்டேன்.

"இங்கன ஏதும்மா இருவாச்சி? எல்லாம் எப்பவோ கேரளாப் பக்கம் போயிருச்சு" என்றார், என் முகத்தைப் பார்த்து.

அவர் சொல்லி முடிக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே, மரக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம், புஸ் புஸ் என்று ஒரு சத்தம் போனது. துருத்தி ஊதுகிற மாதிரி அப்படிச் சிறகடித்துப் பறக்கிற பறவை இந்த மலையில் ஒன்றுதான் உண்டு. சத்தம் சரிவோடு இறங்கி ஓரிடத்தில் நின்றது.

மூக்கையா நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. "உங்க பலகைக்குத் தூண் லேசா ஆடுதும்மா, சிமென்ட் போடச் சொல்லணும்" என்றார். சொல்லுவோம் என்றேன்.